உடற்பகுதித் தகட்டுக்கு ரிவெட் அடிக்க எது சரியான நேரம்?

கிட் விமானத்தின் (பாகங்களை வாங்கி நாமே பூட்டும் விமானம்) உடற்பகுதித் தகடுகள் க்ளீகோவில் (துளைகளில் மாட்டித் தகடுகளைத் தற்காலிகமாகப் பிடிக்கும் கிளிப்) கச்சிதமாக உட்கார்ந்ததும் ரிவெட் அடிக்கக் கை பரபரக்கும். பொறுங்கள். அந்தத் தகட்டை மூடினால் உள்ளே எங்கெல்லாம் கை எட்டாமல் போகும் என்பதை முதலில் பாருங்கள்.

பக்கத் தகடும் அடித்தகடும் முதலில் வரலாம். அவைதான் சட்டத்தின் வடிவத்தைப் பூட்டுகின்றன. அதனால் பூட்டும் முன் முன்பக்க, பின்பக்க பல்க்ஹெட் (உடற்பகுதியின் குறுக்குச் சட்டம்) இரண்டிலும் குறுக்கே ரசமட்டம் வைத்து முறுக்கு இல்லை என்று உறுதி செய்யுங்கள். ரிவெட் அடித்த பிறகு முறுக்கை எடுக்க முடியாது.

காக்பிட்டுக்கு முன்னால் வரும் மேல்தகட்டைக் கடைசிவரை க்ளீகோவிலேயே விடுவது நல்லது. ரடர் பெடல், பிரேக் குழாய், எரிபொருள் குழாய், பேனலின் பின்புற வயரிங் எல்லாம் முடியட்டும். வால்பக்க மேல்தகட்டுக்கும் இதே கதைதான்: எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) அசைக்கும் புஷ்ராடு, வெளிக்காற்றழுத்தத்தைக் கருவிகளுக்குக் கொண்டுசெல்லும் ஸ்டாட்டிக் குழாய், ஆன்டெனா தாங்கு தகடு ஆகியவற்றைப் பொருத்திப் பார்த்த பிறகே மூடுங்கள். மூடும் முன் ஆய்வு தேவை என்று விதி இருந்தால் ஆய்வாளர் பார்க்கட்டும். உட்புறத்தைப் படமும் எடுத்து வையுங்கள்.

அடிக்கும் நாளில் துளைகளின் பிசிறு நீக்கம், டிம்பிள் (ரிவெட் தலை அமர துளையைச் சுற்றிப் போடும் குழிவு), ப்ரைமர் முடிந்திருக்க வேண்டும். நடுவிலிருந்து வெளிநோக்கி, இடைவெளி விட்டு அடியுங்கள். ஒரு ஓரத்திலிருந்து வரிசையாக அடித்துக்கொண்டே போனால் தகடு உப்பி, அழுத்தினால் டப்பென்று உள்வாங்கும். 3/32 அங்குல ரிவெட்டின் உட்தலை (அடித்ததும் உட்புறம் உருவாகும் தலை), தண்டு விட்டத்தைப்போல 1.5 மடங்கு அகலமும் 0.5 மடங்கு உயரமும் இருந்தால் சரி.