70 பவுண்ட் பார்க்கிங் டிக்கெட் 105 ஆகிவிட்டதா? இப்படிச் செய்யுங்கள்

வீடு மாறி ஐந்து மாதம் கழித்து, பழைய வீட்டுக்காரர் ஒரு கட்டுக் கடிதங்களைக் கொடுத்தார். அதில் கவுன்சில் (உள்ளூர் நிர்வாகம்) உறை ஒன்று: 105 பவுண்ட் கட்டு என்று. வண்டிக் கண்ணாடியில் வைத்த அபராத டிக்கெட்டை நான் பார்க்கவே இல்லை. அன்று கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். தொகைகள் லண்டனுக்கு வெளியே உள்ள இங்கிலாந்துக் கவுன்சில்களுக்கு. லண்டனில் இன்னும் அதிகம்.

முதலில், தாளின் தலைப்பைப் படியுங்கள். 'பெனால்ட்டி சார்ஜ் நோட்டீஸ்' என்றால் கவுன்சில். 'பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ்' என்றால் தனியார் கம்பெனி. அதற்கு வழி வேறு. சுருக்கினால் இரண்டும் பிசிஎன்தான், குழப்புவதற்கென்றே வைத்த மாதிரி!

70 பவுண்ட் டிக்கெட்டை 14 நாளுக்குள் கட்டினால் 35. 28 நாள் தாண்டினால் லாக்புக்கில் (வண்டிப் பதிவு ஆவணம்) இருக்கும் முகவரிக்கு 'நோட்டீஸ் டு ஓனர்' வரும். அதற்கும் 28 நாள் பதில் இல்லையென்றால் பாதித் தொகை கூடி 'சார்ஜ் சர்டிஃபிகேட்' வரும். அதுதான் அந்த 105.

பலரும் தவறு செய்வது இங்கேதான். போர்டு மறைந்திருந்தது, குழந்தைக்குக் காய்ச்சல் என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். சார்ஜ் சர்டிஃபிகேட்டை எதிர்த்து முறையீடு செய்யச் சட்டத்தில் இடமில்லை. முந்தைய நோட்டீஸ் உங்களுக்கு வந்திருந்தால், 14 நாளுக்குள் 105-ஐக் கட்டிவிடுவதே நல்லது. வரவில்லை என்றால் கவுன்சிலுக்கு நாலு வரி மின்னஞ்சல் போதும்: எந்த முகவரிக்கு, எந்தத் தேதியில் அனுப்பினீர்கள், நகல் தாருங்கள். அவர்களாக மனம் இரங்கினால் சரி.

இல்லையென்றால் பணத்தை வசூலிப்பதற்கான 'ஆர்டர் ஃபார் ரெக்கவரி' வரும்வரை பொறுத்திருங்கள். நீதிமன்றப் பதிவுக் கட்டணமும் அதில் சேர்ந்திருக்கும்; பயப்பட வேண்டாம், வாய் திறக்க வாய்ப்புக் கிடைப்பது இப்போதுதான். கூடவே டிஇ9 (TE9) என்ற படிவம் வரும். நோட்டீஸ் டு ஓனர் கிடைக்கவில்லை, முறையிட்டும் நிராகரிப்புக் கடிதம் வரவில்லை, தீர்ப்பாயத்தில் அப்பீல் செய்தும் பதில் இல்லை, ஏற்கெனவே கட்டிவிட்டேன். இந்த நான்கில் உண்மையானதை மட்டும் குறியுங்கள். பொய் சொன்னால் நீதிமன்ற அவமதிப்பு. பார்க்கிங் நியாயத்தை இதில் எழுதாதீர்கள். 21 நாளுக்குள் நார்தாம்ப்டனில் உள்ள டிராஃபிக் என்ஃபோர்ஸ்மென்ட் சென்டருக்கு அனுப்ப வேண்டும், கவுன்சிலுக்கு அல்ல. நாள் கடந்துவிட்டால் டிஇ7 (TE7) படிவத்தையும் சேர்த்து, தாமதத்துக்குக் காரணம் எழுதுங்கள். இதைக் கோட்டை விட்டால் அடுத்துக் கதவைத் தட்டுவது பெய்லிஃப், அதாவது கடன் வசூலிக்க வருபவர். அவர் கட்டணம் தனி.

டிஇ9 ஏற்கப்பட்டால் கூடிய தொகை ரத்தாகும். டிக்கெட் ரத்தாகாது! கவுன்சில் புதிய நோட்டீஸ் டு ஓனர் அனுப்பலாம். உங்கள் நியாயத்தைப் படங்களோடு அப்போது எழுதுங்கள். உதாரணமாக, காசு கட்டி நிறுத்திய இடத்தில் நேரம் முடிந்தபின் 10 நிமிடச் சலுகை உண்டு. கவுன்சில் 56 நாளுக்குள் பதில் தராவிட்டால் உங்கள் முறையீடு ஏற்கப்பட்டதாகக் கணக்கு. நிராகரித்தால் 28 நாளுக்குள் டிராஃபிக் பெனால்ட்டி டிரிப்யூனல் என்ற தீர்ப்பாயத்துக்குப் போகலாம், கட்டணம் கிடையாது.

அப்புறம், லாக்புக் முகவரியை இன்றே மாற்றுங்கள். மாற்றாததற்கே 1,000 பவுண்ட் வரை அபராதம் போடலாம்.

என் கதை? புதிய நோட்டீஸ் வந்ததும் கவுன்சில் எடுத்த படத்தைப் பார்த்தேன். வண்டி நிறுத்தக் கூடாத இரட்டை மஞ்சள் கோட்டின்மேல் என் வண்டி ஜம்மென்று நின்றிருந்தது. 70-ஐக் கட்டிவிட்டேன்.