குளம் உலராது, வற்றும்: கோடிட்ட இடத்துக்குச் சரியான சொல்லைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் தங்கை ஒருத்தி என்னிடம் தமிழ்ப் பகுதிக்குப் பயிற்சி எடுக்கிறாள். போன வாரம் அவள் குறிப்பேட்டில் இப்படி ஒரு விடை இருந்தது: "மழை பொய்த்ததால் குளம் உலர்ந்தது."

"உலர்ந்தது, காய்ந்தது, வற்றியது எல்லாம் ஒண்ணுதானே அக்கா? எதைப் போட்டா என்ன?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. அகராதியைப் பார்த்தால் மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே பொருள்தான் இருக்கும். பொருள் தெரிந்தும் மதிப்பெண் போவது இங்கேதான். குரூப் 4 தேர்வில் 200 கேள்விகளில் 100 தமிழுக்கு. அந்தப் பகுதியின் 150 மதிப்பெண்ணில் 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முறையையே இங்கே படிப்படியாக எழுதுகிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்கும் இது உதவும்.

படி 1: விடைகளைக் கையால் மூடுங்கள்

நான்கு விடைகளையும் முதலில் பார்த்துவிட்டால் நான்குமே சரி என்று தோன்றும். உள்ளங்கையால் மறைத்துவிட்டு வாக்கியத்தை மட்டும் படியுங்கள். கோடு வரும் இடத்தில் வாயில் என்ன சொல் வருகிறதோ அதை ஓரமாக எழுதுங்கள். கொச்சையாக இருந்தாலும் பரவாயில்லை. "மழை பொய்த்ததால் குளம்..." என்றதும் அந்தப் பெண்ணின் வாயில் வந்தது "வத்திப்போச்சு". சரியான விடை அவளுக்குள்ளேயே இருந்தது. அச்சிட்ட நான்கு சொற்கள் அதை மறைத்துவிட்டன.

படி 2: பின்னாலிருந்தும் படியுங்கள்

தமிழில் வினை பெரும்பாலும் கடைசியில் வரும். கோடு கடைசியில் இருந்தால் அதற்கு முன்னால் உள்ள எல்லாமே துப்பு. கோடு முன்னால் இருந்தால் நேராக வினைக்குப் போய், அங்கிருந்து திரும்பி வாருங்கள். "தச்சர் ______ கொண்டு ரம்பத்தின் பல்லைத் தீட்டினார்" என்பதற்கு அரம், அறம் என்று இரண்டு விடைகள் இருக்கட்டும். முன்னாலிருந்து படித்து கோட்டிலேயே நின்றுவிட்டால் எழுத்துக் குழப்பம்தான் மிஞ்சும். "தீட்டினார்" என்பதிலிருந்து தொடங்கினால் அங்கே ஒரு கருவி வேண்டும் என்று உடனே தெரியும். அரம்தான் கருவி. பனி, பணி, மனம், மணம், வாளை, வாழை போன்ற இணைகளுக்கும் இதே வழிதான்.

படி 3: திருப்பங்களை எண்ணுங்கள்

"மழை பெய்ததால் வெக்கை ______." "மழை பெய்தும் வெக்கை ______." மழையும் வெக்கையும் இரண்டிலும் அப்படியே இருக்கின்றன. 'ஆல்' போய் 'உம்' வந்ததும் விடை தலைகீழாகிறது. முதலாவதில் தணிந்தது, இரண்டாவதில் தணியவில்லை. ஆனால், ஆயினும், இருந்தும் போன்ற சொற்களும் வாக்கியத்தைத் திருப்புபவை. அவற்றைச் சுற்றி வட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு திருப்பங்கள் சேர்ந்து வரும்போதுதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். இதைப் பாருங்கள்:

"அப்பாவின் பேச்சில் கடுமை இருக்கும், ஆனால் மனத்தில் ______ இருக்காது." (கனிவு, பரிவு, வஞ்சம், இரக்கம்)

'ஆனால்' என்பதைப் பார்த்ததும் "கடுமைக்கு எதிர்ச்சொல் கனிவு" என்று கை ஓடிவிடும். கொஞ்சம் பொறுங்கள். கடைசியில் "இருக்காது" இருக்கிறது. அது இன்னொரு திருப்பம். முழு வாக்கியமும் அப்பாவை நல்லவர் என்று சொல்ல வேண்டுமானால், அவரிடம் இல்லாத அந்தப் பொருள் கெட்டதாக இருந்தாக வேண்டும். ஆகவே வஞ்சம். கனிவு, பரிவு, இரக்கம் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே பொருள் தருபவை என்பதையும் கவனியுங்கள். ஒரே பொருளில் மூன்று சொற்கள் இருந்து, மூன்றும் அந்த இடத்தில் ஒன்றுபோல் பொருந்தினால், அவற்றில் ஒன்று மட்டும் சரியாக இருக்க வழியில்லை.

படி 4: கோட்டை ஒட்டி நிற்கும் ஒற்றைப் பாருங்கள்

"அம்மா ______த் திறந்தாள்." (கதவு, கதவை, கதவில், கதவால்)

கோட்டுக்குப் பின்னால் ஒரு 'த்' ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஐ உருபும் கு உருபும் வெளிப்படையாக வந்தால் பின்னால் வல்லினம் மிகும். விடையில் 'கதவை' மட்டும்தான் அந்த ஒற்றைத் தாங்கும். வினாத்தாள் அமைப்பவர் சந்திப்பிழை இல்லாமல் எழுத வேண்டியவர். அந்த ஒற்று நமக்கு அவர் கொடுக்கும் உதவி.

எண்ணும் பாலும் இப்படித்தான். பேச்சில் எல்லாவற்றுக்கும் "இல்ல" போதும். எழுத்தில் இது என் மாடு அன்று, இவை என் மாடுகள் அல்ல, அவர் என் ஆசிரியர் அல்லர். எழுவாய் ஒருமையா பன்மையா என்று பார்த்தாலே பாதி விடைகள் கழிந்துவிடும்.

படி 5: பக்கத்துச் சொல்லோடு சேர்த்துச் சொல்லிப் பாருங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. குளத்துக்குத் திரும்புவோம்.

வற்றுவது என்றால் இருந்த நீர் குறைந்து இல்லாமல் போவது. குளம் வற்றும், கிணறு வற்றும், பசுவின் மடியும் வற்றும். அடுப்பில் இருக்கும் குழம்பு மட்டும் சுண்டும். உலர்வது என்றால் மேலே பட்ட ஈரம் போவது. குளித்த கூந்தல் உலரும், துணி உலரும். வறள்வது அதற்கும் மேலே. ஈரமே அற்றுப்போன நிலமும் தொண்டையும் வறளும். உயிருள்ளது நீரில்லாமல் தளர்ந்தால் வாடும். பயிர் வாடும், பூ வாடும், அதைப் பார்த்து உழவர் முகமும் வாடும்.

காய்தல் இவற்றில் தனிப்பிறவி. அதில் வெப்பமோ ஒளியோ இருக்கும். வெயிலில் நெல் காய்கிறது, வாணலியில் எண்ணெய் காய்கிறது, நாம் குளிர் காய்கிறோம், வானத்தில் நிலா காய்கிறது, சாப்பிடாத வயிறும் காய்கிறது. காய்ந்த துணியில் ஈரம் இல்லை, காய்ந்த எண்ணெயில் சூடு இருக்கிறது. எண்ணெய் உலர்ந்தது என்று எழுதினால் எந்தச் சமையலறையிலும் யாருக்கும் புரியாது.

உடைதலும் இப்படித்தான். இழுத்துக் கட்டியது அறும்: கயிறு, நூல், வலை. விரித்தால் பரப்பாக இருப்பது கிழியும்: துணி, தாள், வாழை இலை. நீண்டு நிற்பது முறியும் அல்லது ஒடியும்: கிளை, எலும்பு. கட்டி எழுப்பியது இடியும்: சுவர், வீடு. சட்டென்று சில்லாகப் போவது உடையும்: கண்ணாடி, பானை. பொருளை மனக்கண்ணில் கொண்டுவந்தால் வினை தானாக வரும். பட்டியலை உருப்போடத் தேவையில்லை.

விலங்கு, பறவை ஒலிகளில் மட்டும் இந்த வழி செல்லாது. யானை பிளிறும், மயில் அகவும், ஆந்தை அலறும், கூகை குழறும். மரபுச்சொற்களை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும்.

படி 6: யார் யாரிடம் பேசுகிறார்?

ஈ, தா, கொடு மூன்றும் கேட்கும் சொற்கள்தான். தாழ்ந்தோன் ஈ என்றும், ஒத்தவன் தா என்றும், உயர்ந்தோன் கொடு என்றும் கேட்பது வழக்கம் என்று தொல்காப்பியம் பிரித்துச் சொல்கிறது. "இரவலன் புரவலனிடம், 'எனக்குச் சிறிது பொன் ______' என்றான்" என்று வந்தால் அந்த ஒரு வரியே விடையைத் தீர்மானித்துவிடும்.

இன்றைய தமிழிலும் இந்த வேறுபாடு உயிரோடுதான் இருக்கிறது. தெருவில் ஒட்டும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியைப் பாருங்கள். ஒரு வீட்டார் "இறைவனடி சேர்ந்தார்" என்று அச்சடிப்பார்கள், பகுத்தறிவு இயக்கத்தில் இருந்தவர் வீட்டில் "இயற்கை எய்தினார்" என்பார்கள், செய்தித்தாள் "காலமானார்" என்று எழுதும். கொசு சாகும், ஈசல் மடியும், மரம் பட்டுப்போகும். நிகழ்வு ஒன்றுதான். இறந்தவர் யார், சொல்பவர் யார் என்பதைப் பார்த்துத்தான் சொல் மாறுகிறது.

படி 7: கையை எடுங்கள்

இப்போது விடைகளைப் பாருங்கள். நீங்கள் எழுதிய சொல்லோ அதன் எழுத்து வடிவமோ இருந்தால், அதைக் கோட்டில் வைத்து வாக்கியம் முழுவதையும் வாய்விட்டுப் படியுங்கள். தேர்வு அறையில் உதட்டை மட்டும் அசைத்தால் போதும். இடறினால் அடுத்த சொல்லை வையுங்கள். வீட்டில் பழக நாளிதழ் போதும். ஒரு பத்தியில் வாக்கியங்களின் கடைசிச் சொல்லைக் கட்டைவிரலால் மறைத்து, ஊகித்து, பிறகு விரலை எடுத்துப் பாருங்கள்.

மூன்று கேள்விகள் தருகிறேன். படிகளை வரிசையாகச் செய்து பாருங்கள்.

1. தேரை இழுக்கும்போது வடம் ______. (உடைந்தது, அறுந்தது, கிழிந்தது, இடிந்தது)

2. மூன்று முறை கூட்டிப் பார்த்தும் கணக்கு ______. (சரியானது, முடிந்தது, உதைத்தது, நேரானது)

3. எண்ணெய் ______ பிறகு கடுகைப் போட வேண்டும். (உலர்ந்த, வற்றிய, வறண்ட, காய்ந்த)

முதலாவது அறுந்தது. வடம் இழுத்துக் கட்டிய பொருள். இரண்டாவது உதைத்தது. "பார்த்தும்" என்பதில் உள்ள 'உம்' எதிர்மறையைக் கேட்கிறது. 'இல்லை' என்ற சொல் இல்லாமலே 'ஒத்துவரவில்லை' என்ற பொருளை உதைத்தது தருகிறது. மூன்றாவதை அந்தத் தங்கை கையை எடுக்காமலே சொல்லிவிட்டாள்.