சலேந்தோ போகிறவர்கள் செய்கிற தவறுகள்: மத்தியானம், ஞாயிறு, காற்று

இத்தாலியில் ஓத்ராந்தோ என்ற கடலோர ஊரின் பேராலயத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டேகால். கதவு சாத்தியிருந்தது. மறுபடி மூன்று மணிக்குத்தான் திறப்பார்கள். வெயில் மண்டையைப் பிளக்க, திறந்திருந்த ஒரே கடையில் ஐஸ் போட்டு பாதாம்பால் ஊற்றிய காபியைக் குடித்துக்கொண்டு மூன்று மணி வரை உட்கார்ந்திருந்தேன். காபி அருமை, அது வேறு விஷயம். பூட்ஸ் மாதிரி இருக்கும் இத்தாலியின் குதிகால்தான் சலேந்தோ தீபகற்பம். இங்கே மத்தியானத்துக்குத் தனிப் பெயரே இருக்கிறது, கோன்த்ரோரா. அந்த நேரத்தில் கோயில், கடை எல்லாம் மூடிவிடும். காலை எட்டு மணிக்கே கிளம்புங்கள், மத்தியானம் தூங்குங்கள், சாயங்காலம் மறுபடி வெளியே வாருங்கள். ஊர்க்காரர்களும் அப்படித்தான் செய்கிறார்கள்.

அந்தப் பேராலயத்துக்குள் போனதும் எல்லோரும் கூரையை அண்ணாந்து பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது காலடியில் இருக்கிறது. 1163 முதல் 1165 வரை பந்தலேயோனே என்ற துறவி அமைத்த மொசைக், நடுக்கூடத்துத் தரை முழுவதும் பரவியிருக்கிறது. வாசலிலிருந்து பலிபீடம் நோக்கி ஒரு பெரிய மரம் வளர்கிறது, அதன் கிளைகளில் நோவாவின் பேழை, மகா அலெக்சாண்டர், ஆர்தர் ராஜா எல்லோரும் இருக்கிறார்கள். மரத்தை அடியில் தாங்கி நிற்பவை இரண்டு யானைகள். (அந்த யானைகளைப் பார்த்தால், வரைந்தவர் யானையை நேரில் பார்த்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்.) வாசலருகே நின்று யானையிலிருந்து ஆரம்பித்து மேலே நடந்தால்தான் மரம் மரமாகத் தெரியும். பலிபீடத்துக்கு வலப்பக்கச் சிற்றாலயத்தில் கண்ணாடிக்குப் பின்னால் மண்டையோடுகள் அடுக்கியிருக்கும். 1480 ஆகஸ்டில் ஒட்டோமான் படை ஊரைப் பிடித்தபோது கொல்லப்பட்ட சுமார் 800 பேருடையவை அவை. 2013-ல்தான் அவர்களுக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. அங்கே நின்று செல்ஃபி எடுக்காதீர்கள். தோளையும் முழங்காலையும் மூடுகிற உடுப்பில் போங்கள்.

அப்புறம் ரயில். பெரிய ரயில்கள் சலேந்தோவின் பெரிய ஊரான லெச்சேயோடு முடிந்துவிடும், அதற்குத் தெற்கே கிழக்குக் கரை ஓத்ராந்தோவுக்கும் மேற்குக் கரை கல்லிப்போலிக்கும் போக சின்ன உள்ளூர் வண்டிதான். வாரநாளில் சரி, ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை நாளும் அது பெரும்பாலும் ஓடாது. சனிக்கிழமை ராத்திரி போய் இறங்கிவிட்டு ஞாயிறு திரும்பலாம் என்று திட்டம் போட்டவர்கள் பேருந்து நிறுத்தத்தில் தவம் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கார் எடுத்தால் வேறு வம்பு. பழைய ஊருக்குள் வெளியாட்கள் வண்டி நுழையக் கூடாத பகுதிகள் உண்டு, நுழைவில் வெள்ளைப் பலகையில் சிவப்பு வட்டம் போட்டு ZTL என்ற மூன்றெழுத்து இருக்கும். மேலே கேமரா. யாரும் நிறுத்த மாட்டார்கள், விசில் ஊத மாட்டார்கள், நீங்கள் ஊர் திரும்பிச் சில வாரமோ மாதமோ ஆன பிறகு அபராதம் வந்து நிற்கும், வாடகைக் கார்க்காரரின் கட்டணமும் அதோடு சேரும். மேப் சொன்ன வழியில்தானே போனேன் என்பதெல்லாம் அங்கே எடுபடாது. வெளியே நிறுத்திவிட்டு நடந்து போங்கள், பத்து நிமிஷ நடைதான். இந்திய லைசென்ஸோடு சர்வதேச அனுமதியும் கையில் இருக்க வேண்டும்.

காற்றை யாருமே விசாரிப்பதில்லை, எனக்குப் பெரிய தவறாகத் தோன்றுவது அதுதான். இந்தத் தீபகற்பத்துக்கு இரண்டு பக்கமும் கடல்: கிழக்கே அட்ரியாட்டிக், மேற்கே அயோனியக் கடல். திரமொன்தானா என்கிற வாடைக்காற்று அடித்தால் அட்ரியாட்டிக் பக்கம் கொந்தளிக்கும், அயோனியப் பக்கம் குளம் மாதிரி கிடக்கும். தென்கிழக்கிலிருந்து சிரொக்கோ வந்தால் அப்படியே தலைகீழ். உள்ளூர்க்காரர்கள் காலையில் காற்றைப் பார்த்துவிட்டுத்தான் எந்தக் கரை என்று முடிவு செய்வார்கள். ஓத்ராந்தோ ஒரு நாள், கல்லிப்போலி ஒரு நாள் என்று முன்கூட்டியே தேதி குறிக்காமல் லெச்சேயில் தங்கினால், இரண்டுமே நாற்பது, நாற்பத்தைந்து கிலோமீட்டர்தான், நாளை மாற்றிக்கொள்ளலாம்.

கல்லிப்போலி என்று இணையத்தில் தேடினால் 1915 போர்க்களம் வந்து நிற்கும். அது துருக்கியில் இருப்பது. இரண்டு பெயருக்கும் மூலம் ஒரே கிரேக்கச் சொல், அழகிய நகரம் என்று பொருள். இத்தாலியக் கல்லிப்போலியின் பழைய ஊர் பாலம் தாண்டி ஒரு தீவில் இருக்கிறது, ஆகஸ்டில் வருகிற கூட்டமோ கடற்கரை விடுதிகளிலேயே ஆடிவிட்டுத் திரும்பிவிடுகிறது. தீவுக்குள் பாறையைக் குடைந்து பூமிக்கடியில் வெட்டிய எண்ணெய்ச் செக்குகளைப் பாருங்கள். குளிரில் ஆலிவ் எண்ணெய் உறைந்துவிடும், நிலத்தடியில் சூடு நிற்கும், அதனால்தான் அங்கே செக்கு. இங்கிருந்து கப்பலேறியதில் பெரும்பகுதி சமையலுக்கானது இல்லை, விளக்கு எரிக்கிற லம்பாந்தே என்ற ஆலிவ் எண்ணெய். லண்டன் விளக்குகள் வரை அது எரிந்திருக்கிறது. போகிற வழியில் சாம்பல் நிறத்தில் பட்டுப்போன ஆலிவ் மரங்கள் கண்ணில் படும், அவற்றைக் கொல்லும் சைலெல்லா என்ற பாக்டீரியா நோய் ஐரோப்பாவில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 2013-ல் இந்தப் பக்கம்தான்.

சாப்பிடும்போது ஒன்று கவனியுங்கள்: மெனுவில் மீன் விலைக்குப் பக்கத்தில் எத்தோ என்று இருந்தால் அது நூறு கிராமுக்கான விலை. எட்டு யூரோ என்று நினைத்து முக்கால் கிலோ மீனைக் கையைக் காட்டினால் பில் அறுபது. எடை போட்டு விலை சொன்ன பிறகு தலையை ஆட்டுங்கள். கல்லிப்போலியின் சிவப்பு இறாலைப் பச்சையாகவும் பரிமாறுவார்கள், வெந்தது வேண்டுமென்றால் முன்பே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக பிரிந்திசி. விமான நிலையம் இருக்கிற ஊர் என்பதாலேயே எல்லோரும் இறங்கியதும் ஓடிவிடுகிறார்கள். மான் கொம்பு மாதிரி இரண்டாகப் பிரிகிற துறைமுகம் அது, ஊரின் பெயரே மான்தலை என்ற பழைய சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். 1870-லிருந்து லண்டனிலிருந்து ரயிலில் வந்த இந்தியத் தபால் இங்கேதான் கப்பலேறியது. 1931 டிசம்பரில் வட்டமேசை மாநாடு முடிந்து காந்தி ஊர் திரும்பக் கப்பலேறியதும் இங்கேதான். விமானத்துக்கு மூன்று நான்கு மணி நேரம் இருந்தால் பெட்டியை எங்காவது வைத்துவிட்டு, ரோமானியத் தூண் நிற்கும் படிக்கட்டில் உட்காருங்கள். பக்கத்தில் அடிப்பாகம் மட்டும் மிஞ்சியிருக்கும் இன்னொரு தூணைத் தேடாதீர்கள், அதை லெச்சேக்குக் கொடுத்துவிட்டார்கள், அங்கே சதுக்கத்தில் புனித ஒரோன்சோவுக்காக எழுப்பிய தூணாக ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள்.