பினாங்கில் கப்பலேறும் நாள்: கைப்பையில் என்ன, பெட்டியில் என்ன

சுவெட்டன்ஹாம் துறைமுக வாசலில் பெரிய பெட்டியைக் கொடுத்துவிட்டால், அது கப்பலில் உங்கள் அறைக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகும், சில சமயம் இரவுச் சாப்பாடு வரைகூட இழுக்கும். அதுவரை கைப்பைதான் துணை. கடப்பிதழ், கடன் அட்டை, அன்றாட மருந்து, சார்ஜர், பிள்ளைகளுக்கு ஒரு மாற்றுத்துணி, நீச்சலுடை எல்லாம் அதில் இருக்கட்டும். கடப்பிதழைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக் கொடுத்துவிட்டுக் கவுன்டரில் தவிப்பவர்கள் உண்டு. அது குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக வேண்டும் என்பதையும் வீட்டிலேயே பாருங்கள்.

அறை எண் அச்சிட்ட பெட்டிச் சீட்டைக் கைப்பிடியில் சுற்றி, மேலே கண்ணாடி டேப் ஒட்டி, ஸ்டேப்ளரில் இரண்டு அடி அடியுங்கள். வெறும் காகிதம் வழியிலேயே கிழிந்துவிடும்.

கோலாலம்பூரிலிருந்து வருபவர்கள் முதல் நாளே வந்து தங்குவது நல்லது. இடிஎஸ் ரயிலில் பட்டர்வொர்த் வர ஏறக்குறைய 4 மணி நேரம், அங்கிருந்து பினாங்குத் தீவுக்கு ஃபெரி. ரயில் தாமதமானால் கப்பல் போய்விடும். லிட்டில் இந்தியா துறைமுகத்துக்கு நடை தூரம்தான். பசியாறிவிட்டு, உங்களுக்குக் கொடுத்த நேரத்துக்குப் போனால் போதும்.

இஸ்திரிப் பெட்டி, கெட்டில், ரைஸ் குக்கர், கற்பூரம், ஊதுபத்தி எதையும் எடுத்துப் போகாதீர்கள். கடலில் தீயைவிடப் பெரிய பயம் கிடையாது. ஸ்கேனில் இவை தெரிந்தால் பெட்டியை நிறுத்தி வைத்துவிடுவார்கள். பெட்டி வரவில்லையா, முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

பதிவின்போது தரும் அட்டைதான் அறைச் சாவி, கப்பலுக்குள் பணமும் அதுதான். வைப்புத்தொகைக்கு டெபிட் கார்டு வேண்டாம். பிடித்துவைத்த பணம் கணக்குக்குத் திரும்பப் பல நாள் ஆகலாம்.

அடுத்தது பாதுகாப்புப் பயிற்சி. இதை மட்டும் தட்டிக்கழிக்காதீர்கள். 2012-இல் இத்தாலிக் கடற்கரையில் கோஸ்டா கொன்கோர்டியா என்ற பயணிகள் கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறிய பயணிகள் பலருக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதன் பிறகுதான், கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடந்தாக வேண்டும் என்று உலக விதி மாறியது. ஏழு குறுகிய ஒலி, பிறகு ஒரு நீண்ட ஒலி: அதுதான் அபாயச் சங்கு. அதைக் கேட்டதும் நீங்கள் போய்ச் சேர வேண்டிய கூடுமிடத்தின் குறியீடு உங்கள் அட்டையில் இருக்கும். அறையிலிருந்து அங்கே ஒருமுறை படிக்கட்டு வழியாகவே நடந்து பாருங்கள், ஏனென்றால் அபாய நேரத்தில் மின்தூக்கியைப் பயன்படுத்தக் கூடாது. அலமாரியில் பெரியவர்களுக்கான உயிர்காப்பு அங்கி மட்டும் இருந்தால், சிறுவர் அளவை அறைப் பணியாளரிடம் அன்றே கேட்டு வாங்குங்கள்.

சாப்பாட்டில் "சைவம்" என்று மட்டும் சொன்னால் முட்டையோ மீன் சாறோ வரலாம். முட்டை, மீன் சாறு, பெலாச்சான் (இறால் விழுது) மூன்றும் கூடாது என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். உணவகத் தலைமைப் பரிமாறுபவரிடம் முதல் இரவே பேசினால் மறுநாள் சமையலுக்குச் சொல்லிவைப்பார். முன்பதிவின்போதே எழுதிக் கொடுத்திருந்தால் இன்னும் நல்லது.

தலைசுற்றல் மாத்திரையைப் புறப்படுவதற்கு அரை மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். வாந்தி வந்த பிறகு அது வயிற்றில் நிற்காது.

கரை விலகும்போது கைப்பேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் அது கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பைத் தானாகப் பிடித்துக்கொள்ளும், பில் எகிறிவிடும். பூக்கெட் போகிறீர்கள் என்றால் தானாக நேரம் மாறுவதையும் அணைத்துவிடுங்கள். தாய்லாந்து நேரம் நம்மைவிட ஒரு மணி பின்னே. கரையில் இறங்கினால், திரும்ப வேண்டிய நேரத்தைக் கப்பல் கடிகாரத்தைப் பார்த்தே கணக்கிடுங்கள்.