அன்டோராவில் ராத்திரி ஆனா அணைஞ்சு போன ஹீட்டர் – என் அனுபவம்

மூணு நாள் ராத்திரி தூக்கமில்லாம கண்டுபிடிச்சது, குளிர்காலத்துல கேம்பர்வேன்ல (உள்ளயே சமைச்சு தூங்குற வண்டி) போறவங்களுக்கு உதவும்னு எழுதுறேன். ஸ்பெயின்லேர்ந்து, பிரான்சுக்கு நடுவுல மலை மேல இருக்கற குட்டி நாடான அன்டோரா ஏறி, பாஸ் தெ லா காசாங்கற ஊர்ல வண்டிய போட்டோம், கிட்டத்தட்ட 2,000 மீட்டர் உயரம், ராத்திரி -8 டிகிரி. நடுராத்திரி கேஸ் ஹீட்டர் அணைஞ்சிடும், அடுப்பும் நீலமா துடிச்சிட்டு போயிடும். பேட்டரி செக் பண்ணேன், பர்னர் கழட்டி துடைச்சேன், புது ரெகுலேட்டர் போட்டேன், ஒண்ணும் ஆகல. சிலிண்டர் காலின்னு நினைச்சு தூக்கினா கனமாத்தான் இருக்கு, ஆட்டினா உள்ள தளும்புற சத்தம் வேற கேக்குது.

துப்பு கெடச்சது காலைல. பத்து மணிக்கு கேஸ் பெட்டி கதவு மேல வெயில் விழுந்த கொஞ்ச நேரத்துல அடுப்பு தானா ஒழுங்கா எரிஞ்சுது. அப்பதான் சிலிண்டர் லேபிள பாத்தேன், பியூட்டேன்! ஸ்பெயின்ல வீடுகளுக்கு சாதாரணமா கிடைக்கறது அதுதான். பியூட்டேன் -0.5 டிகிரிக்கு கீழ போனா ஆவியாகாம சிலிண்டருக்குள்ள திரவமாவே நின்னுடும், ஹீட்டருக்கு கேஸ் வராது, மலை மேல இன்னும் சில டிகிரி தாங்கும் அவ்ளோதான். புரொப்பேன் -42 வரைக்கும் ஆவியாகும்.

கீழ பிரான்ஸ் பக்கம் ஆக்ஸ்-லே-தெர்ம் இறங்கி புரொப்பேன் வாங்கினேன், சிலிண்டர் வாய் வேற மாதிரி இருந்ததால ஒரு அடாப்டரும். அன்னிக்கு ராத்திரி விடிய விடிய ஹீட்டர் ஓடுச்சு.