பழைய பங்களாச் சுவரில் ஜமக்காளம் மாட்டும் முறை

வெள்ளைக்காரர் காலத்து பங்களாவை, வெளிநாட்டுப் படைப்புகளை வரவழைத்துக் காட்டி நம்முடையதை அங்கே அனுப்பும் கலைப் பரிமாற்றக் கூடமாக மாற்றும்போது முதலில் சுவரைப் பாருங்கள். கோவை, ஈரோடு பக்கத்தில் இவை பெரும்பாலும் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும்தான். இந்தச் சுவர் ஈரத்தை இழுக்கும், தானே வெளியேயும் விடும். மேலே சிமெண்ட் பூசினாலோ பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தாலோ ஈரத்துக்குப் போக்கிடம் கிடையாது. இடுப்பளவுக்கு உப்புப் பூத்துக் காரை பொரிந்து உதிரும். பொரிந்ததைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்புக் காரையே பூசி, வெள்ளையடியுங்கள். நன்றாக உலரும் வரை எதையும் மாட்ட வேண்டாம்.

படத்துக்கொரு ஆணி அடிக்கவே கூடாது. சுமார் 9 அடி உயரத்தில் சுவர் நெடுக ஒரு தேக்குச் சட்டம், 2 அடிக்கு ஒரு திருகு, அது போதும். டிரில்லில் சுத்தியல் முறையை அணைத்துவிட்டு, செங்கல்லின் நடுவில் துளை போடுங்கள். இணைப்புக் காரையில் போட்டால் திருகைப் பிடிக்கும் பிளக் நிற்காது, கொஞ்ச நாளில் ஆடத் தொடங்கும். பிறகு எல்லாமே அந்தச் சட்டத்திலிருந்து கம்பியில் தொங்கும். வெளிநாட்டிலிருந்து வரும் படங்களின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் இருந்தால் பார்க்க வசதி.

பவானி ஜமக்காளத்துக்குத்தான் அதிகக் கவனம் வேண்டும். 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தத் துணி கனமானது. இரண்டு மூலையில் கிளிப் போட்டால் நடுவில் தொய்ந்து, மூலை நூல் அறுந்துவிடும். 2 அங்குல வெல்க்ரோவின் மென்பக்கத்தை முதலில் பருத்தி நாடாவில் தைத்து, அந்த நாடாவைத் துணியின் பின்பக்க மேல்விளிம்பு முழுக்கப் பருத்தி நூலால் கையால் தையுங்கள். ஊசி நூலைத் துளைக்காமல் இரண்டு இழைக்கு நடுவே நுழைய வேண்டும். கொக்கிப் பக்கத்தை மர ரீப்பரில் ஸ்டேப்பிள் அடித்துக்கொள்ளலாம். மரத்தின் அமிலம் துணியில் கறை ஏற்றும் என்பதால் ரீப்பருக்குத் துவைத்த காடாத்துணி சுற்றுவது அவசியம். முடிந்தவரை பாவு, அதாவது நெசவின் நீளவாட்டு இழை, மேலிருந்து கீழாக வரட்டும். குழித்தறியில் உட்கார்ந்து ஒருவர் நெய்த துணிக்கு ஒரு மணி நேரத் தையல் அதிகமில்லை.

வெளிச்சம் துணிக்கும் நீர்வண்ணத்துக்கும் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), எண்ணெய் ஓவியத்துக்கு 200. மேற்கு ஜன்னலில் இரட்டைக் காடாத் திரை போடுங்கள். வெளுத்த சாயம் திரும்பாது. அதனால் மூன்று மாதத்துக்கொருமுறை மாட்டிய ஜமக்காளத்தை மாற்றிவிடுவது நல்லது.

பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடிக் காற்று அடிக்கும்போதும், ஐப்பசி மழையிலும் ஈரப்பதமானியைத் தினமும் பாருங்கள். 45 முதல் 60 சதவீதம் நல்லது. 70-ஐத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். பகலில் மட்டும் ஏ.சி. போட்டு ராத்திரி நிறுத்துவது, ஏ.சி.யே இல்லாததைவிட மோசம். ஏறி இறங்கும் ஈரத்தில் மரச்சட்டம் கோணும், வண்ணம் வெடிக்கும்.

வெளிநாட்டுப் பெட்டி வந்ததும் திறக்கத் தோன்றும். 24 மணி நேரம் அதே அறையில் மூடியே வையுங்கள். குளிர்ந்த பொருள் மேல் நம்மூர்க் காற்று பட்டால் வியர்க்கும். திறந்ததும் நாலு மூலையையும் படமெடுத்துத் தேதி போட்டுக்கொள்ளுங்கள்.

பதிலுக்கு நம் பக்கத்திலிருந்து அனுப்புவது புது நெசவாகவே இருக்கட்டும். 100 ஆண்டு தாண்டிய கலைப்பொருளை 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. துணியை மடிக்காமல், காடா சுற்றிய 4 அங்குலக் குழாயில் முகப்பு வெளியே தெரிய உருட்டுங்கள். மடிப்பில்தான் இழை முதலில் அறும்.