குட்டை விரலுக்கு 1911 துப்பாக்கி – என் அனுபவம்

டெக்சாஸில் முதல் கைத்துப்பாக்கி வாங்கும்போது மனசு 1911 என்ற மாடல் மேலேயே நின்றது. ஜான் பிரவுனிங் வடிவமைத்தது, .45 ஏசிபி தோட்டா. கடையில் துப்பாக்கி வாங்குபவர் நிரப்பும் 4473 படிவம், பின்னணிச் சோதனை எல்லாம் சுலபமாக முடிந்தது.

என் விரல்கள் குட்டை. மேகசினை (தோட்டாக்கள் அடுக்கிய பெட்டி) விடுவிக்கும் பொத்தானுக்குக் கட்டைவிரல் எட்டவே இல்லை. கடைக்காரர் நீளமான பொத்தான் போடச் சொன்னார். உறையில் இருக்கும்போது தானாக அழுந்தி மேகசின் கழன்றுவிடுமே என்று வேண்டாம் என்றேன். அதற்குப் பதில் பிடி ஒல்லியாகி விரல் எட்டட்டும் என்று, கைப்பிடியின் இரு பக்கமும் திருகால் பொருத்தும் மெல்லிய மரப் பிடித்தகடுகள் வாங்கினேன்.

மேகசினைக் கழற்றி, சேம்பர் (சுடத் தயாராகத் தோட்டா இருக்கும் அறை) காலிதானா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டுத்தான் தகட்டின் திருகைத் தொட வேண்டும். மெல்லிய தகட்டுக்குக் குட்டை புஷிங் (திருகு இறங்கும் மரையுள்ள சிறு குழாய்), குட்டைத் திருகு இரண்டும் சேர்த்தே வாங்குங்கள். பழைய புஷிங்கில் தகடு இறுகாமல் ஆடும்; புது புஷிங்கில் பழைய திருகைப் போட்டால் நுனி உள்ளே நீட்டி மேகசினைத் தடுக்கும். திருகுத் தலைக்கடியில் சின்ன ரப்பர் வளையம் வைத்தேன், அதிர்வில் தளர்வதில்லை.

ட்ரிகரையும் குட்டையாக்கினேன். 1920-களில் 1911-இன் திருத்திய வடிவமான ஏ1-இல் அமெரிக்க ராணுவமே செய்த மாற்றம்தான் அது. ஆனால் அந்த வேலையை துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித்திடமே கொடுங்கள்.

இப்போது பிடியைத் திருப்பாமலே பொத்தான் எட்டுகிறது.